ஆரணி கோடவுனில் இடவலம் மாறிய படம்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எந்தக் கேமராவை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது, எந்தக் கம்பியை எங்கே பற்றவைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். படிக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் சொல்லப் போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. அதில் ஒரு தப்பு செய்தேன். அதை மறைக்க ஒரு பொய் சொன்னேன். பிறகு யாருக்கும் தெரியாமல் அந்தத் தப்பைத் திருத்தினேன். திருத்தியதால்தான் ஒரு மனிதர் அழிந்தார். தப்பை அப்படியே விட்டிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார். இதை எப்படித் திருப்பித் திருப்பி யோசித்தாலும் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்காது. ஆறுதல் வேண்டுமென்றால் வேறு யாராவது எழுதியதைப் படியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. நான் வேலூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். டிவி ரிப்பேர்தான் பிழைப்பு. கேமரா மாட்டும் வேலை அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. ஆரணியில் ஒரு பட்டு ஜவுளி முதலாளி எங்கள் மேனேஜரைக் கூப்பிட்டு, தன் கோடவுனில் நடப்பதை வீட்டில் உட்கார்ந்தபடி டிவியில் பார்க்க வேண்டும் என்றார். கோடவுன் ஒரு தெரு, வீடு இன்னொரு தெரு. நடுவில் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடவுனில் ஒரு கேமரா, அதன் பக்கத்தில் படத்தை இரண்டு கம்பிகள் வழியாகத் தள்ளிவிடும் ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டி, வீட்டில் அதை வாங்கி டிவிக்குக் கொடுக்கும் இன்னொரு பெட்டி. இவ்வளவுதான் சரக்கு. இன்றைக்கு நீங்கள் இதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். அன்றைக்கு வட ஆற்காடு ஜில்லாவிலேயே அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தக் கோடவுனில் நடக்கும் காரியம் இது. நெசவாளர்கள் காலையிலும் மதியத்திலும் வருவார்கள். சேலை நெய்வதற்கான பட்டையும் ஜரிகையையும் முதலாளி எடை போட்டுக் கொடுத்தனுப்புவார். அதைத் தங்கள் வீட்டுத் தறியில் நெய்து சேலையாகக் கொண்டுவருவார்கள். எடை போட்டுக் கொடுக்க இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு தராசு. நடுவில் ஜரிகை நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் போட்ட பொதுவான தகரப் பெட்டி. வலது பக்கம் கண்ணப்பன். இடது பக்கம் ஜீவரத்தினம். ரத்தினம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது, ஒரே வாகு, வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"மூஞ்சிய பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்கு கைதான் தெரியணும்" என்றார் முதலாளி. அதனால் அவர்களுக்குப் பின்னால் பரண் மேல் கேமராவை வைத்து, தோளுக்கு மேலாகத் தராசைப் பார்க்கும்படி சாய்த்தேன். எதிரே ஜன்னல். அந்த வெளிச்சத்தில் முன்னால் நிற்கும் நெசவாளரின் முகம்கூடக் கரியாகத்தான் விழும். படத்தில் இருப்பது இரண்டு வெள்ளை முதுகு, இரண்டு தலை, நாலு கை, இரண்டு தராசு. கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கும்.

கம்பி இழுப்பதுதான் பெரும்பாடு. காலையில் தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். அதன் மேல் ஒரு தூசு விழக்கூடாது. ஆகவே கூரை கூரையாகத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வீடு சண்டை. "எங்க வூட்டு மேல இன்னாத்துக்கு கம்பி? எங்களையும் டிவியில பாப்பாரா உங்க மொதலாளி?" என்று ஒரு அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள். அவர்களை எல்லாம் சமாளித்தது ரத்தினம்தான். முதலாளி அவரைத்தான் என்னோடு அனுப்பியிருந்தார். "அக்கா, ஒண்ணும் இல்லக்கா, போன் கம்பி மாதிரிதான். சாருக்கு ஒரு சொம்பு தண்ணி குடு, காலையிலருந்து வெயில்ல நின்னுகினு இருக்காரு" என்பார். துடைப்பம் கீழே போய் சொம்பு மேலே வரும். அந்தத் தெருக்களில் அவர் வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு. பட்டை நம்பிக் கொடுத்து நம்பி வாங்கும் ஊர் அது. ரத்தினம் எடை போட்டால் நெசவாளர்கள் தராசு முள்ளைக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று முதலாளியே என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை படம் வரவேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் டிவியில் படம் தெரிந்து கற்பூரம் காட்டியாக வேண்டும். நான் எட்டேகாலுக்குக் கேமராவை முடுக்கினால், படம் இல்லை. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த குலுக்கலில் உள்ளே இருக்கும் ஒரு சுருளின் இரண்டு கம்பிகளும் பிய்ந்துகொண்டு வந்திருந்தன. இரண்டும் ஒரே மஞ்சள் நிறம். எது எங்கே போகும் என்று பார்க்கப் புத்தகம் வேலூரில். முதலாளி வீட்டிலிருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன்: "இன்னாப்பா, ஜல்தி ஆவட்டும், அய்யரு வந்து உக்காந்துகினு இருக்காரு." குத்துமதிப்பாக இரண்டையும் பற்றவைத்தேன். ஒன்பதுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது போனில் ஒரே கூச்சல். படம் வந்துவிட்டது. டிவிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது முதலாளி டிவியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, கண்ணப்பன் வலது பக்கந்தானே உக்காருவான்? இதுல இடது பக்கமா தெரியுதே?"

பார்த்தவுடன் புரிந்தது. அந்த இரண்டு மஞ்சள் கம்பிகளையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். அப்படிச் செய்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி விழும். கழற்றி மறுபடி பற்றவைக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் ராகு காலம் தொடங்கிவிட்டது. பூஜை முடிந்த பொருளைக் கழற்றினால் அபசகுனம் என்பார்கள். கூடியிருக்கும் இருபது பேர் முன்னால் "தப்பாக மாட்டிவிட்டேன்" என்று நான் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கேமராவுல அப்படித்தாங்க. கண்ணாடி மாதிரி. மாத்திப் பாக்கணும்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரை வந்தவர் போனவர்களுக்கெல்லாம் அவரே பாடம் எடுத்தார்: "இது கண்ணாடி மாதிரி. இடது பக்கம் தெரியறவன் கண்ணப்பன். வலது பக்கம் தெரியறவன் ரத்தினம். மாத்திப் பாக்கணும்." என் பொய் அவர் வாயில் எவ்வளவு அழகான அறிவாகிவிட்டது பாருங்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டே அவர் வீட்டில் கேசரி சாப்பிட்டேன்.

மூன்று நாலு மாதம் போனது. கேமரா என்றால் முதலில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் அது சுவரில் இருக்கும் பல்லி மாதிரி ஆகிவிடும். முதலாளியும் எப்போதும் டிவி முன் உட்கார்ந்திருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரத்துக்கு வீடியோ டெக்கில் ஒரு கேசட்டைப் போட்டு ஓடவிடுவார்.

ஒருநாள் படம் மங்கலாக இருக்கிறது என்று ஆள் அனுப்பினார். போனேன். கேமராவைத் திறந்தேன். அந்த இரண்டு மஞ்சள் கம்பிகளும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன. இத்தனை நாளாக அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நாளைக்கு வேறு ஒருவன் வந்து திறந்து, "எந்த மடையன் இதை மாட்டினது?" என்று கேட்டால் மானம் போகுமே. முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை, வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் இரண்டு கம்பிகளையும் எடுத்து, சரியான இடத்தில் சுத்தமாகப் பற்றவைத்தேன். இப்போது வலது வலது, இடது இடது. மனசு லேசாகிவிட்டது. கேமராவை மூடிவிட்டு பஸ் ஏறினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழைய பொய்யைச் சொல்ல வேண்டுமே. முதலாளி பார்த்ததும் தானே கண்டுபிடித்துவிடுவார், அப்போது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டு வெள்ளை முதுகு. எது யாருடையது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அடையாளம் நான் கொடுத்த விதிதான்.

எட்டு நாளோ ஒன்பது நாளோ ஆகியிருக்கும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஆரணி மொதலாளி போன் பண்ணாரு. கேசட்டுல ஒரு எடத்துல படத்தை நிறுத்திக் காட்டணுமாம். அவருக்கு நிறுத்தினா ஆடுதாம். போயி சரி பண்ணிக் குடுத்துட்டு வா."

மதியம் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் முதலாளி, அவரோடு பக்கத்துக் கடைகளின் முதலாளிகள் இரண்டு பேர். சுவரோரமாக ரத்தினமும் கண்ணப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள். இருப்பு எடுத்ததில் ஜரிகைக் கட்டைகள் குறைந்திருக்கின்றன. முதலாளி கேசட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார். முந்தாநாள் ஓடிய கேசட்டில் கிடைத்துவிட்டது. நான் டெக்கைச் சரிசெய்து அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். திரையில் வலது பக்கம் இருக்கும் ஆள் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுக்கிறான். அக்கம் பக்கம் பார்க்கிறான். இடுப்பில் செருகிக்கொள்கிறான்.

"பாத்துக்கோ ரத்தினம். உன்னையே பாத்துக்கோ" என்றார் முதலாளி.

பிள்ளைகளே, அந்த நொடியில் எனக்கு எல்லாமே தெரிந்துவிட்டது. திரையில் வலது பக்கம் இருப்பது கண்ணப்பன். நிஜத்திலும் வலது பக்கம் உட்காருபவன். நான்தான் சரிசெய்து வைத்திருக்கிறேனே. முதலாளி இன்னும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரத்தினம் திரைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். அவர் குரலில் பயமே இல்லை. "அய்யா, இது நான் இல்லைங்க. நான் இடது பக்கம் உக்காருவேன். இது வலது பக்கம் இருக்கற ஆளு."

"மாத்திப் பாக்கணும்டா! இத்தினி நாளா சொல்லிகினு இருக்கேன், கண்ணாடி மாதிரின்னு!"

"இல்லைங்கய்யா..." என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களே சொல்லுங்க சார். மெஷின் உங்களுது. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

முதலாளியும் திரும்பினார். "சொல்லுப்பா. மாத்தித்தானே பாக்கணும்? நீ சொன்னதுதானே?"

எங்களிடம் கேமரா கேட்டிருந்த, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு முதலாளிகள், மேனேஜர், என் பெயர், எல்லாம் ஒரே சமயத்தில் கண் முன்னால் வந்து நின்றன. அவர் கேட்ட கடைசிக் கேள்வி 'நீ சொன்னதுதானே' என்பது. ஆமாம், நான் சொன்னதுதான். அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டேன்.

"ஆமாங்க" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. நான் அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. ரத்தினம் என்னையே பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அதில் உறைந்து நிற்கும் முதுகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் உங்கள் முதுகை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அவரும் பார்த்ததில்லை. "நான் எடுக்கலைங்கய்யா" என்று இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

அந்தக் கூடத்தில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். கண்ணப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணப்பனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அவன் ஜரிகை எடுத்தான், நான் அதைவிடப் பெரியதை எடுத்துக்கொண்டேன்.

வேலூருக்கு வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "பைத்தியமா உனக்கு? அந்த ரெண்டு மொதலாளிங்களும் நம்ம கிட்ட கேமரா கேட்டுகினு இருக்காங்க. நீ போயி தப்பா மாட்டினேன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் நம்மள நம்புவானா? பேஜார் புடிச்ச வேலை. வாயை மூடிகினு இரு."

மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலரை மாதம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதை யோசித்தாலே காய்ச்சல் வரும். நல்லவனாக இருக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஆசை மட்டும்தான் இருந்தது. சீ என்று என்னையே காறித் துப்பிக்கொள்வேன், பிறகு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன்.

கடைசியில் ஆரணியில் வேறு ஒரு கடைக்குக் கேமரா மாட்டப் போன அன்று, கையில் பெட்டியோடு நேராக முதலாளி வீட்டுக்குப் போய்விட்டேன். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். மஞ்சள் கம்பிகள், பொய், அவர் ஊரில் இல்லாதபோது நான் செய்த திருத்தம், எல்லாம். அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் டிவி வைத்திருந்த பெட்டியின் மரக்கதவைச் சாத்தினார்.

"ரத்தினம் பதினாறு வருஷம் என்கிட்ட வேலை செஞ்சான்" என்றார். "அவன அனுப்பின அன்னிக்கே நான் எல்லா கடைக்கும் சொல்லிட்டேன், இவன் கை சரியில்லன்னு. அப்படி சொல்றதுதான் எங்க வழக்கம். இல்லன்னா அடுத்த கடையில போயி எடுப்பான். இப்போ நான் போயி, நான்தான் தப்பா பாத்துட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுகினு சொல்றது?"

"கண்ணப்பனை..."

"கண்ணப்பனை அனுப்பினா, எதுக்குன்னு கேப்பாங்க இல்ல?" என்றார். பிறகு, "நீ வந்ததா யார்கிட்டயும் சொல்லாத. போ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் கலங்கிய கண்ணால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கண்ணப்பன் அங்கேயே இருந்தான். அதற்குப் பின் அவன் எதையாவது எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ரத்தினத்தின் வீட்டை விசாரித்துப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னாள். எந்தக் கடையிலும் அவரை உள்ளே விடவில்லை. அது மட்டுமா, அவர் மனைவி வீட்டில் ஒரு தறி வைத்திருந்தாள். கை சரியில்லாதவன் வீட்டுத் தறிக்கு யார் பட்டு கொடுப்பார்கள்? தறியும் நின்றுவிட்டது. "இப்போ களம்பூர்ல ரைஸ் மில்லுல மூட்டை தெச்சுகினு இருக்காரு. காத்தால போனா பொழுதோட வருவாரு" என்றாள்.

இதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் மாறினேன் என்று இங்கே எழுதலாம். எதைத் தொட்டாலும், எதைத் திருத்தினாலும், ஒரு திருகாணியை முடுக்கினாலும்கூட வாடிக்கையாளரை உட்கார வைத்து வாயால் சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன். நான் செய்த தப்பை நானே சொல்லிவிடுவேன். இதற்காக மூன்று தடவை வேலை போயிற்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள். தப்பாக மாட்டுவது பெரிய விஷயம் இல்லை, எல்லாரும் மாட்டுவோம். திருத்தும்போது திருட்டுத்தனமாகத் திருத்தாதீர்கள். உங்கள் தப்பை நம்பி யாரோ ஒருவர் தன் கண்ணைப் பழக்கிக்கொண்டிருப்பார். இதுதான் பாடம் என்று வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தினத்துக்கு இதனால் ஒரு அரிசி மணியளவும் பிரயோஜனம் இல்லை. அதனால் எனக்கு இந்தப் பாடத்தின் மேல் மரியாதை இல்லை.

அன்றைக்கே ஆரணி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். படம் எப்படி இடவலம் மாறி இருந்தது, எப்போது நான் அதைத் திருத்தினேன், கேசட்டில் எடுத்தவர் ஜீவரத்தினம் அல்ல, இதற்கு நானே பொறுப்பு என்று எழுதி, பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த பஸ்ஸில் களம்பூர் போனேன்.

மில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாகக் கொட்டகை நிழலில் அவர் கோணியூசியும் சணலுமாக மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் உமித்தூசி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வாங்க சார்" என்றார். அந்த 'வாங்க' என்னை அறைந்தது.

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அவர் ஊசியைக் கையில் வைத்தபடி கேட்டார். நான் முடித்ததும் ஊசியை மூட்டையில் குத்தி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்போ நான் எடுக்கலைங்களா?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா கேக்கறீங்க ரத்தினம்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியல சார். தட்டுல எடை ஜாஸ்தியா போனா ஒரு கட்டையை எடுத்து மடியில வெச்சுப்போம். அப்புறமா பொட்டியில போட்டுடுவோம். கை பாட்டுக்கு செய்யற வேலை. அன்னிக்கு போட மறந்துட்டனோ, வூட்டுக்கு வர வழியில எங்கயாவது வுழுந்துடுச்சோன்னு நெனைச்சு நெனைச்சு... என் வூட்டுல தெனம் கேப்பா, நெசமா எடுக்கலயான்னு. மொதல்ல இல்லன்னேன். அப்புறம் தெரியலன்னேன். டிவியில தெரியுது, மாட்டினவரும் ஆமான்றாரு. நான் ஒருத்தன் இல்லன்னா ஆச்சா?"

"நீங்க எடுக்கல. நீங்க எடுக்கவே இல்ல" என்றேன்.

"நீங்க ஆமான்னு சொன்னப்போ உங்களுக்கு தெரியுங்களா சார்?"

"தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு திட்டு இல்லை, ஒரு சாபம் இல்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கடிதத்தை நீட்டினேன். "இத எந்தக் கடையில வேணுமானாலும் காட்டுங்க. யார் கேட்டாலும் நான் வந்து சொல்றேன். இப்பவே உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன்."

கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, கடைசி வரி வரைக்கும் படித்தார். நெஞ்சோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்துது சார். எங்க சர்ச்சு சபையில இருக்கற பையந்தான். இந்த விஷயம் ஆன ஒடனே நின்னுபோச்சு. அவங்க வூட்டுல பெரியவங்க வந்து பேசினாங்க. திருடினது தப்புதான், ஆனா திருடிட்டு இல்லன்னு சாதிக்கறியே அதத்தான் ஏத்துக்க முடியல, சபையில நின்னு ஒத்துக்கினா நாங்க மன்னிச்சு பொண்ண கூட்டிகினு போறோம்னாங்க. எனக்கும்தான் எது நெசம்னு தெரியாம போச்சே. ஒரு ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் முட்டி போட்டேன். நான்தான் எடுத்தேன், ஆண்டவரே மன்னிச்சுடுன்னு சொன்னேன். பாதி பேர் அழுதாங்க. போன மாசம் கல்யாணம் ஆச்சு. பொண்ணு நல்லா இருக்குது."

நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத இப்போ காட்டினா, ஆண்டவர் முன்னாடி பொய் சொல்லி பொண்ண கட்டிக்குடுத்துட்டான்னு பேசுவாங்க. அது அங்க வாழணும் இல்ல?" ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "நான் எடுக்கலன்னு எனக்கு தெரிஞ்சுபோச்சு. அது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். மத்தவங்களுக்கு நான் திருடனாவே இருந்துட்டு போறேன் சார்."